பிரசவத்துல கை நரம்பு அடிபட்ட குழந்தைக்கு தோள் இறுகாம பாத்துக்கிறது எப்படி – முழு வழிகாட்டி

எங்க பையன் பொறந்தப்போ 4.2 கிலோ. எனக்கு ஏழாம் மாசத்துல சுகர் வந்துச்சு, பிரசவத்துல தலை வெளிய வந்துட்டு தோள் மாட்டிக்கிச்சு, எப்படியோ எடுத்தாங்க, உயிரோட கையில குடுத்தாங்க, அன்னிக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. மறுநாள் காலைல எங்க அத்தைதான் கவனிச்சாங்க, "ஏம்மா, சோத்துக்கைய மட்டும் ஆட்டவே மாட்டேங்குறானே"ன்னு.

இப்ப அவன் மூணாங்கிளாஸ். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்துல இருந்துகிட்டு தஞ்சாவூர், சென்னைன்னு அலைஞ்சு நாங்க கத்துக்கிட்டத எல்லாம் வரிசையா எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஆனா ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிடுறேன், இத மட்டும் படிச்சுட்டு போனாலும் சரி. எல்லாரும் "கை மேல தூக்குதா"ன்னுதான் பாப்பாங்க. நீங்க "கை வெளிப்பக்கம் திரும்புதா"ன்னு பாருங்க. நரம்பு ஒரு பக்கம் தேறிட்டு வரும்போதே தோள் மூட்டு இன்னொரு பக்கம் சத்தமே இல்லாம கெட்டுப் போவும். எங்களுக்கு இத ஒன்பது மாசம் வரைக்கும் யாரும் சொல்லல.

என்ன நடந்துருக்கு

கழுத்துல இருந்து கைக்கு அஞ்சு நரம்பு வேர் வருது, சி5, சி6, சி7, சி8, டி1ன்னு பேரு. இந்த அஞ்சும் பின்னிக்கிட்டு கைக்கு போற இடத்துக்கு பிரேக்கியல் பிளெக்சஸ்னு சொல்வாங்க. பிரசவத்துல தோள் மாட்டும்போது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இழுபடுறதுனால மேல இருக்குற ரெண்டு வேரு, சி5 சி6, அதுதான் மொதல்ல அடி வாங்கும். இதுக்கு எர்ப்ஸ் பால்சின்னு பேரு. 1872ல டூஷேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டரும் 1874ல எர்ப்னு ஒரு ஜெர்மன் டாக்டரும் விவரமா எழுதுனது, அதாவது இது புது வியாதி எல்லாம் கிடையாது. ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு குழந்தைக்கு வரும். தாய்க்கு சுகர், குழந்தை 4 கிலோவுக்கு மேல, தோள் மாட்டுறது, வேக்குவம் ஆயுதம் போட்டு எடுக்கறது, இதெல்லாம் வாய்ப்ப கூட்டும். எதுவுமே இல்லாமயும் வரும். கிரகணத்துல வெளிய வந்தியா, கைய தலைக்கு மேல தூக்கி துணி காயப்போட்டியான்னு கேக்குறவங்க கேப்பாங்க, நீங்க மனசுல வாங்கிக்காதீங்க, அதுக்கும் இதுக்கும் ஒட்டு உறவே இல்ல.

பாக்க எப்படி இருக்கும்னா கை உடம்போட ஒட்டி தொங்கும், முழங்கை நீட்டியே இருக்கும், உள்ளங்கை பின்பக்கம் பாத்துகிட்டு மணிக்கட்டு மடங்கியிருக்கும். யாருக்கும் தெரியாம பின்னாடி கைய நீட்டி காசு வாங்குறவரு கை மாதிரின்னு வச்சுக்கோங்க. விரல் மட்டும் நல்லா மூடித் தொறக்கும்.

விரலும் அசையலன்னா அஞ்சு வேருமே அடிபட்டுருக்கலாம். அதோட அந்தப் பக்கத்து கண் இமை கொஞ்சம் தொங்கி, கண்ணு பாப்பா சின்னதா தெரிஞ்சா உடனே சொல்லணும், கீழ் வேர் தண்டுவடத்துலேருந்தே பிடுங்கிட்டு வந்துருக்கலாம்னு அதுக்கு அர்த்தம். மூச்சு வாங்குதான்னும் பாக்கணும், ஏன்னா உதரவிதானத்துக்குப் போற நரம்பும் பக்கத்துலயேதான் இருக்கு.

மொத வாரம்

ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க. காறை எலும்பு, மேல்கை எலும்பு ஒடிஞ்சாலும் குழந்தை கைய அசைக்காது, சில சமயம் எலும்பும் ஒடிஞ்சு நரம்பும் அடிபட்டுருக்கும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், பொறந்தப்போ நல்லா ஆட்டுன கைய பத்து நாள் கழிச்சு ஆட்டாம போயி, தொட்டா வீல்னு கத்துது, காய்ச்சலும் இருக்குன்னா அது நரம்பு கிடையாது, எலும்புலயோ மூட்டுலயோ சீழ் புடிச்சுருக்கலாம், ராத்திரி ஆனாலும் வண்டி எடுத்துகிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அடுத்தது ஒரம் எடுக்கற விஷயம். நம்ம பக்கத்துல குழந்தை கை அசைக்கலன்னா "ஒரம் விழுந்துருக்கும், பொடவைல போட்டு உருட்டுனா சரியாப் போயிடும்"பாங்க. எங்க வீட்டுக்கும் ஒரு பாட்டி வந்துட்டாங்க, பொடவைய மடிச்சு ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிக்கத் தயாரா நின்னாங்க. அவங்க நல்ல எண்ணத்துலதான் வந்தாங்க, எத்தனையோ குழந்தைக்கு எண்ணெ தேச்ச கை. ஆனா இது சுளுக்கு இல்ல. அறுந்தும் அறுபடாமயும் இருக்குற நரம்ப மேல மேல இழுத்து குலுக்குனா என்ன ஆவும்னு நெனச்சுப் பாருங்க. நான் அழுதுகிட்டே குழந்தைய தூக்கிகிட்டு உள்ள போயிட்டேன். அத்தை கோவிச்சுகிட்டாங்க, அப்பறம் தஞ்சாவூர்ல தெரபிஸ்ட்டு மேடம் ஒரு படம் வரைஞ்சு காட்டுனதும் அவங்களேதான் பாட்டிகிட்ட போயி சொல்லிட்டு வந்தாங்க. எண்ணெ தேச்சு குளிப்பாட்டறது தப்பே இல்ல, கால்ல போட்டு குளிப்பாட்டும்போது அந்தக் கைய புடிச்சு உடம்ப திருப்பாம இருந்தா போதும்.

மொத ஒண்ணு ரெண்டு வாரம் கைய ரொம்ப இழுக்காம மெதுவா வச்சுக்கச் சொல்வாங்க, பயிற்சிய எப்ப ஆரம்பிக்கறதுன்னு தெரபிஸ்ட்டு சொல்லுவாங்க, அந்த தேதிய கேட்டு எழுதிக்கோங்க. சட்டை போடும்போது அடிபட்ட கை முதல்ல, கழட்டும்போது அடிபட்ட கை கடைசியில. அக்குள்ல கை குடுத்து தூக்காதீங்க, பிட்டத்துலயும் முதுகுலயும் குடுத்து தூக்குங்க. சாம்பிராணி போடும்போது அந்தக் கை அனல் பக்கம் போவாம ஒருத்தர் புடிச்சுக்கணும், உணர்ச்சி கம்மியா இருந்தா சுட்டாலும் குழந்தைக்கு தெரியாது. கருவளையல், வசம்பு எல்லாம் நல்ல கைல போட்டுக்கலாம்.

தூளி. தூளில படுக்க வச்சா துணி ரெண்டு பக்கமும் சேந்து தோள முன்னாடி அமுக்கும், கை உள்பக்கம் மடங்கி நெஞ்சு மேல கெடக்கும். அதுதான் நமக்கு ஆகாத பொசிஷன். தூளியே வேணாம்னு சொன்னா நம்ம வீட்ல நடக்காது, எனக்கும் தெரியும். நாங்க பகல்ல தூங்குறது எல்லாம் பாயில, ராத்திரி ரொம்ப அழுதா மட்டும் தூளின்னு வச்சுகிட்டோம்.

தசைக்கு உள்ளார என்ன ஆவுது

இந்த பாகம் கொஞ்சம் நீளம், ஆனா இது புரிஞ்சாதான் பயிற்சிய ஏன் தினமும் பண்றோம்னு புரியும், புரியாம பண்ணா பத்து நாள்ல விட்டுருவோம்.

சி5 சி6 போச்சுன்னா தோள வெளிய திருப்புற தசையும், கைய தூக்குற தசையும், முழங்கைய மடக்குற பைசெப்ஸும் சோர்ந்துடும். வெளிய திருப்புறதுல முக்கியமானது தோள் சப்பைக்கு, அதாவது முதுகுல மேல இருக்குற தட்டை எலும்புக்கு, பின்னாடி இருக்குற இன்ஃப்ராஸ்பினேட்டஸ். ஆனா உள்ள திருப்புற தசைங்க, நெஞ்சுல இருக்குற பெக்டோரலிஸ், முதுகுல இருக்குற லாட்டிசிமஸ், இதுக்கெல்லாம் கீழ் வேர்லேருந்தும் நரம்பு வருது, அதனால அதுங்க ஓரளவு உயிரோட இருக்கும். ஒரு பக்கம் இழுக்க ஆள் இருக்கு, எதிர்ப்பக்கம் ஆளே இல்ல. கை எப்பவும் உள்பக்கமே திரும்பிக் கெடக்கும்.

ரொம்ப நாளா இவ்வளவுதான் காரணம்னு நெனச்சாங்க. அப்பறம் எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தா, சப்பைக்கு முன்பக்கம் இருக்குற சப்ஸ்கேப்புலாரிஸ்னு ஒரு தசை, அதுவும் உள்ள திருப்புற தசைதான், அது பலமா இருக்கும்னு பாத்தா மெலிஞ்சு, கட்டையா, சில குழந்தைகளுக்கு நடுவுல கொழுப்பு படிஞ்சு கெடக்கு. ஏன்னு பிறந்த எலிக்குட்டிங்கள்ல ஆராய்ச்சி பண்ணுனதுல தெரிஞ்சது என்னன்னா, பிறந்த ஒடனே நரம்பு போன தசை நீளமா வளர மாட்டேங்குது.

இத நான் எப்படி புரிஞ்சுகிட்டேன்னா, பூச்சரம். எலும்பு வளர வளர தசையும் நீளணும், அதுக்கு சரத்துல புதுசு புதுசா பூ வச்சு கட்டிகிட்டே போவணும். நரம்பு இல்லாத தசைல புதுப் பூ சேராது. எலும்பு வளந்துகிட்டே போவுது, இருக்குற அதே பூவ வச்சே சரத்த இழுத்து நீட்டணும், ஒவ்வொரு கண்ணியும் இழுபட்டு விறைச்சு நிக்கும். கையத் திருப்புனா தட்டுற அந்த விறைப்பு இதுதான்.

அதனால ஒரு விஷயம் தாய்மாருக்கு சொல்லணும். தினமும் பயிற்சி பண்ணியும் சில குழந்தைக்கு தோள் இறுகும். பயிற்சி புதுப் பூ சேக்காது, இருக்குற சரத்த இறுகாம வச்சுக்கும், மூட்ட இடத்துல வச்சுக்கும், அவ்வளவுதான் அதால முடியும். "நீ சரியா பண்ணிருக்க மாட்ட"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் ஒரு வருஷம் நம்பி அழுதேன்.

இப்ப மூட்டு. தோள் மூட்டுல ஒரு பந்து, ஒரு ஆழமில்லாத கிண்ணம். பிறந்த குழந்தைக்கு ரெண்டுமே பெரும்பாலும் குருத்தெலும்பு, எப்படி வச்சுப் பழக்குறமோ அப்படி வளரும். ஆட்டுக்கல்லு குழவி நடுவுல சுத்துனா குழி வட்டமா இருக்கும், ஒரே பக்கம் உரசிகிட்டே இருந்தா அந்தப் பக்கம் தேஞ்சு குழி சாஞ்சுடும், அந்த மாதிரிதான். கை உள்பக்கமே திரும்பி இருந்தா பந்து பின்னாடி நகரும், கிண்ணத்தோட பின் விளிம்பு தேஞ்சு தட்டையாவும், பந்தும் உருண்டை மாறி ஒரு பக்கம் சப்பையாவும். இது பத்து வயசுல நடக்குறதுன்னு நெனைக்காதீங்க, 3 மாசக் குழந்தைக்கே பந்து பின்னாடி நகந்தத ஸ்கேன்ல பாத்துருக்காங்க.

இதுல சிக்கல் என்னன்னா நரம்பு முழுசா தேறுன குழந்தைக்கு இந்தப் பிரச்சினை பெருசா வராது, பாதி தேறி நிக்கிற குழந்தைக்குத்தான் வரும். எங்க பையனுக்கு ரெண்டரை மாசத்துல முழங்கை மடங்க ஆரம்பிச்சுடுச்சு, பாத்த டாக்டர் "நல்லா தேறிட்டான், போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாரு, நாங்களும் குலதெய்வத்துக்கு பொங்க வச்சுட்டு தெரபிய விட்டுட்டோம். அங்கதான் கோட்டை விட்டோம்.

தினசரி பயிற்சி

குழந்தைய பாயில மல்லாக்க படுக்க வையுங்க, வயிறு நெறஞ்ச ஒடனே வேணாம், தூக்கக் கலக்கமும் வேணாம். நீங்க கால் மாட்டுல உக்காருங்க. ரெண்டு கையவும் ஒண்ணா பண்ணுங்க, ஒரு கைய மட்டும் பண்ணா குழந்தை உடம்பையே அந்தப் பக்கம் திருப்பிக்கும், நாம தோள் திரும்புச்சுன்னு ஏமாந்துடுவோம்.

ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டியிருக்கணும், 90 டிகிரி மடங்கியிருக்கணும், அதாவது முன்கை கூரைய பாத்து நிக்கணும். மணிக்கட்ட புடிக்காதீங்க, முன்கைய முழங்கைக்குக் கிட்ட புடிங்க, மணிக்கட்ட புடிச்சு திருப்புனா நெம்புகோல் மாதிரி எலும்பு மேல முறுக்கு விழும். இப்ப ரெண்டு முன்கையவும் மெதுவா வெளிப்பக்கம் பாய நோக்கி சாயுங்க. நல்ல கை பாயத் தொடும், இல்ல கிட்ட வரும். அடிபட்ட கை ஒரு இடத்துல தட்டும். தட்டுற இடத்துல நில்லுங்க, தள்ளாதீங்க. பத்து எண்ணுங்க, நாங்க "சாய்ந்தாடம்மா" பாடுவோம், ஒரு தடவ பாடி முடிக்க சரியா இருக்கும். விடுங்க. மறுபடி. ஒரு வேளைக்கு அஞ்சு தடவைலேருந்து பத்து தடவ, ஒரு நாளைக்கு மூணு வேளையாவது. துணி மாத்தும்போதெல்லாம் ரெண்டு ரெண்டு பண்ணிட்டா கணக்கு தானா வந்துடும்.

அடுத்தது சப்பைய புடிச்சுகிட்டு பண்றது. அடிபட்ட பக்கம் உங்க ஒரு உள்ளங்கைய தோள் சப்பைக்கு அடில குடுத்து, சப்பையோட வெளி ஓரத்த விரலால அணைச்சுக்குங்க. இன்னொரு கையால குழந்தையோட கைய பக்கவாட்டுல மெதுவா காது வரைக்கும் தூக்குங்க. சப்பைய புடிக்கலன்னா கை தூக்கும்போது சப்பையும் கூடவே வழுக்கிகிட்டு வந்துடும், மூட்டு திறக்கவே திறக்காது. நாங்க "ஆஹா கை தூக்குறான்"னு சந்தோஷப்பட்டதெல்லாம் சப்பை தூக்குனதுதான்னு பின்னாடி தெரிஞ்சுது. தெரபிஸ்ட்டு முன்னாடி நீங்க ஒரு தடவ பண்ணிக் காட்டி, அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் வீட்டுக்கு வராதீங்க, அவங்க பண்றத வேடிக்கை பாத்துட்டு வந்தா கத்துக்க முடியாது.

முழங்கைய மடக்கி நீட்டுறது, உள்ளங்கைய மேல பாக்கத் திருப்புறது, இதையும் சேத்துக்குங்க, வருஷம் போவப் போவ முழங்கையும் நீட்ட முடியாம நிக்கிறது உண்டு. முழிச்சுருக்கும்போது குப்புற போட்டு வெளையாட விடுங்க. அந்தக் கைய பஞ்சு, துண்டு, பிரஷ்னு வேற வேற பொருளால தடவுங்க, ரெண்டு கையையும் சேத்து வாய்கிட்ட கொண்டு போங்க, அப்பதான் அது தன்னோட கைன்னு குழந்தைக்கு பதியும். கொஞ்சம் பெருசானதும் வெளையாட்டு சாமான அந்தக் கைப் பக்கம் வெளிப்புறமா தள்ளி வையுங்க.

சில எடத்துல தசைக்கு மிஷின்ல லேசா கரண்ட் மட்டும் வச்சு இருபது நிமிஷத்துல அனுப்பிடுவாங்க. கரண்ட் வச்சா வையுங்க, ஆனா அது மட்டும் தெரபி இல்ல, தோள யாரும் திருப்பிப் பாக்கலன்னா அன்னிக்கு வேலை நடக்கலன்னு அர்த்தம்.

நடவு, அறுப்பு சமயத்துல வீட்ல ஒரு ஆளும் இருக்க மாட்டாங்க, எங்களுக்கு ரெண்டு குறுவை அப்படித்தான் போச்சு. அதனால அத்தை, மாமனாரு, அவன் சித்தின்னு மூணு பேருக்கு கத்துக் குடுத்தோம். ஒருத்தரையே நம்பாதீங்க.

விரக்கடை நோட்டு

நீங்க பண்ற வேலைலயே இதுதான் முக்கியம்னு நான் நெனைக்கிறேன். வாரத்துல ஒரு நாள், ஒரே நேரம், கோரைப்பாயில படுக்க வச்சு குழந்தையோட முதுகுத்தண்டு பாய்க்கோட்டுக்கு நேரா இருக்குற மாதிரி வச்சு, மேல சொன்ன மாதிரி முழங்கை ஒட்டி வச்சு ரெண்டு கையையும் வெளிய சாயுங்க. அடிபட்ட கையோட பின்னங்கைக்கும் பாய்க்கும் நடுவுல எத்தனை விரக்கடை இடைவெளின்னு உங்க விரலால அளந்து நோட்டுல எழுதுங்க. எப்பவும் ஒரே ஆளு விரல். கால் மாட்டுலேருந்து பாய் மட்டத்துல ஃபோன வச்சு ஒரு போட்டோ.

முன்கை கூரைய பாத்து நின்னா 0 டிகிரி, பாயத் தொட்டா 90 டிகிரி. மூணுல ரெண்டு பங்கு சாஞ்சா 60. அதுக்கும் கீழ தட்டி நிக்குதுன்னா மூட்ட ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்னு பல எடத்துல கணக்கு வச்சுருக்காங்க. கணக்கு கெடக்கட்டும், போன மாசம் ரெண்டு விரக்கடை, இந்த மாசம் நாலு விரக்கடைன்னா அதுவே போதும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. அதே மாதிரி அக்குள் மடிப்பு ஒரு பக்கம் அதிகமா இருக்கு, தோளுக்குப் பின்னாடி உருண்டையா ஏதோ தட்டுப்படுது, திருப்பும்போது 'டொக்'னு ஒரு சத்தம், முன்னாடி இல்லாத அழுகை, இதெல்லாம் பந்து பின்னாடி போறதுக்கு அடையாளம். அப்ப பலவந்தமா திருப்பவே கூடாது.

ஒரு வயசுக்கு உள்ள அல்ட்ராசவுண்டுலயே பந்து எங்க இருக்குன்னு பாத்துடலாம், மயக்கம் குடுக்க வேணாம். அப்பறம் எம்ஆர்ஐ. டாக்டர்கிட்ட "ரெண்டு தோளும் ஸ்கேன் பண்ணணும், பின்னாடி நகந்துருக்கான்னு பாக்கணும்"னு வாய் விட்டு கேளுங்க.

எந்த மாசம் என்ன பாக்கணும்

1 மாசத்துக்குள்ள ஒரு தடவ இந்த நரம்ப பாக்குற டாக்டர் கண்ணுல பட்டுரணும். நம்ம பக்கம் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியோ, மெடிக்கல் காலேஜோ போனா டிஇஐசின்னு கேளுங்க, பிறந்ததுலேருந்து 18 வயசு வரைக்கும் குழந்தைங்களுக்குன்னு 2013ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கே திட்டத்துல வர்ற மையம் அது, தெரபி இலவசம்.

3 மாசம் முக்கியமான கெடு. முழங்கைய தன்னால மடக்கி கைய வாய்கிட்ட கொண்டு வர முயற்சி பண்ணணும். ரெண்டு மாசத்துக்குள்ள பைசெப்ஸ் வந்துட்டா பெரும்பாலும் நல்லா தேறிடும். மூணு மாசம் முடிஞ்சும் வரலன்னா நரம்பு ஆபரேஷன் பண்ற எடத்துல காட்டிடணும், உடனே வெட்டிடுவாங்கன்னு பயப்படாதீங்க, காட்டி வச்சுக்கிறதுதான். அஞ்சு வேரும் போயி இமை தொங்குற குழந்தைக்கு இத விட சீக்கிரம். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மாசத்துக்கு 3 சென்டிமீட்டர், அதுக்குள்ள ஒன்றரை ரெண்டு வருஷம் நரம்பே வராம கெடந்த தசை மறுபடி எழுந்திரிக்காது. "வளர வளர சரியாப் போயிடும்"னு தள்ளிப் போட முடியாததுக்கு காரணம் இதுதான். தசைக்கு நரம்பு சிக்னல் வருதான்னு பாக்குற இஎம்ஜி டெஸ்ட்டுல சிக்னல் வருதுன்னு சொன்னாலும் கண்ணால கை மடங்கறத பாக்கலன்னா நம்பி உக்காராதீங்க, இந்தச் சின்னக் குழந்தைங்களுக்கு அந்த டெஸ்ட் உள்ளத விட நல்லதா காட்டுறது உண்டு.

9 மாசத்துல ஒரு பிஸ்கட் சோதனை உண்டு. குழந்தைய உக்கார வச்சு மேல்கைய விலாவோட லேசா புடிச்சுகிட்டு அந்தக் கைல ஒரு துண்டு பிஸ்கட்ட குடுங்க. கழுத்த ரொம்ப வளைக்காம வாய்க்கு கொண்டு போவணும். கழுத்து 45 டிகிரிக்கு மேல குனிஞ்சு பிஸ்கட்ட தேடிப் போனா தேறல.

எல்லாம் பாத்தும் நூத்துக்கு 20, 30 குழந்தைங்களுக்கு ஏதோ ஒரு குறை நின்னுடும். அதுல முக்கால்வாசி தோள்லதான்.

ஆபரேஷன் பேச்சு வந்தா

ரெண்டு வகை இருக்கு, கொழப்பிக்காதீங்க. ஒண்ணு நரம்புக்கு, ஒரு வயசுக்குள்ள. கெண்டைக்கால்லேருந்து சூரல்னு ஒரு நரம்ப எடுத்து அறுந்த எடத்துல ஒட்டு வைப்பாங்க, இல்ல பக்கத்துல நல்லா இருக்குற நரம்போட ஒரு கிளைய திருப்பி விடுவாங்க, நம்ம வாய்க்கால்ல மடைய மாத்தி விடுற மாதிரி. பலன் தெரிய மாசக்கணக்குல ஆவும்.

இன்னொண்ணு தோளுக்கு. எங்களுக்கு நடந்தது அது. பதினோரு மாசத்துல சென்னைல காட்டுனோம், உழவன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி காலைல எறங்கி. ஸ்கேன்ல பந்து பின்னாடி இருந்துச்சு. உள்ள திருப்புற தசைங்களுக்கு போட்டாக்ஸ் ஊசி போட்டு கொஞ்ச மாசம் சோர வச்சுட்டு, மயக்கத்துல பந்த இடத்துல உக்கார வச்சு, கைய வெளிய திருப்புன வாக்குல நெஞ்சோட சேத்து மாவுக்கட்டு போட்டுட்டாங்க. டிராபிக் போலீஸ் மாதிரி ஒரு கை நீட்டிகிட்டு, நாலு வாரம், நல்ல சித்திரை வெயில்ல. கட்டுக்கு உள்ளார வேர்த்து வேர்க்குரு வந்து நாத்தம் அடிச்சுது. ஹேர் டிரையர கூல்ல வச்சு காத்து விட்டோம், பவுடர் கொட்டாதீங்க, அது உள்ள போயி கட்டியாவும். பஸ்ல ஜன்னல் சீட்டுல உக்காந்தா அந்தக் கை ஜன்னலுக்கு வெளிய போவும், அதனால கட்டு போட்ட பக்கம் உள்பக்கமா வர்ற மாதிரி பாத்து உக்காருங்க.

அப்பறம் நாலு வயசுல தசை மாத்துற ஆபரேஷன். உள்ள திருப்புற லாட்டிசிமஸ், டெரஸ் மேஜர் ரெண்டையும் அது ஒட்டியிருக்குற எடத்துலேருந்து எடுத்து பின்பக்கம் கொண்டு போயி வச்சு வெளிய திருப்புற வேலைய குடுக்கறது. ரெண்டு வயசுலேருந்து ஏழு வயசுக்குள்ள, மூட்டு ரொம்ப சிதையாம இருக்கும்போது இது நல்லா வேலை செய்யும். கிண்ணம் ரொம்ப கெட்டுப் போன பெரிய குழந்தைக்கு மேல்கை எலும்பையே வெட்டி திருப்பி வைக்கிற ஆபரேஷன் பண்றாங்க.

டாக்டர்கிட்ட மறக்காம கேக்க வேண்டியது ஒண்ணு: "வெளிய திரும்ப வச்சீங்கன்னா உள்ள திரும்புறது எவ்வளவு குறையும்?" ஒரு பக்கம் கூடுனா இன்னொரு பக்கம் குறையும். எங்க பையனுக்கு இப்ப கை தலைக்குப் போவுது, பின்கழுத்தத் தொடுறான், கோயில்ல தலைக்கு மேல கைகூப்பி கும்புடுறான். ஆனா பின்னாடி அரைஞாண் கயித்த அந்தக் கையால தொட முடியாது. இடது கையாலதான் கால் கழுவுறதுனால அவனுக்கு பெரிய கஷ்டம் இல்ல. இதே இடது கை அடிபட்ட குழந்தைன்னா கணக்கு வேற, அத டாக்டர்கிட்ட நாமதான் எடுத்துச் சொல்லணும்.

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி கை அறுவை சிகிச்சை பிரிவு, கோயம்புத்தூர் கங்கா, வேலூர் சிஎம்சி, பாண்டிச்சேரி ஜிப்மர்னு நம்ம பக்கத்து ஜனங்க போற எடங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய போறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, குழந்தை பேரு அதுல ஏறியிருக்கான்னு பாருங்க, ரேஷன் கார்டுல பேரு ஏறலன்னா அங்கயே நின்னுடும்.

பள்ளிக்கூடத்துக்குப் போற வயசு

சோறு சாப்புடும்போது பாருங்க. முழங்கை மேல தூக்கிகிட்டு, திருவிழால கொம்பு ஊதுறவரு மாதிரி கைய வாய்க்கு கொண்டு போனா அது கெட்ட பழக்கம் இல்ல. தோள் வெளிய திரும்பல, அதனால முழங்கைய தூக்குனாதான் கை வாய்க்கு எட்டும். "ஒழுங்கா சாப்புடு"ன்னு முழங்கைல தட்டாதீங்க. கை தூக்கும்போது சப்பையோட மேல் முனை கழுத்துப் பக்கம் முட்டிகிட்டு வர்றதும் அதே காரணம்தான்.

கை கொஞ்சம் கட்டையாவும் மெலிசாவும் இருக்கும், சட்டைக் கை ஒரு பக்கம் நீளமா தொங்கும், டெய்லர்கிட்ட சொன்னா சரி பண்ணிடுவாரு. சைக்கிள், நீச்சல் எல்லாம் விடுங்க. பம்புசெட்டு தொட்டில நின்னுகிட்டு ரெண்டு கையாலயும் தண்ணிய வெளிப்பக்கம் தள்ளி வெளையாடுறத விட நல்ல பயிற்சிய நான் பாக்கல, அவனுக்கு அது பயிற்சின்னே தெரியாது. பக்கத்துலயே ஆளு இருக்கணும், வாய்க்கால் ஆறு வேணாம்.

யுடிஐடின்னு சொல்ற மாற்றுத்திறனாளி அட்டைக்கு அளந்து பாப்பாங்க. 2016 சட்டப்படி 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தாதான் பெரும்பாலான சலுகை, தோள் மட்டும் குறைஞ்ச குழந்தைக்கு அதுக்கு கீழ வர்றதும் உண்டு. போகும்போது ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, விரக்கடை நோட்டு எல்லாம் எடுத்துகிட்டு போங்க.

அடுத்த குழந்தைக்கு நெனச்சா மொத விசிட்லயே இந்தக் குழந்தை கதைய டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, மறுபடி வர்றதுக்கு வாய்ப்பு கூடுதல். 75 கிராம் குளுக்கோஸ் தண்ணி குடிச்சு சுகர் பாக்குறத தட்டிக் கழிக்காதீங்க, கடைசி மாசம் குழந்தை எடைய ஸ்கேன்ல பாத்து எப்படி பிரசவம்னு முன்னாடியே பேசி வையுங்க. என் பொண்ணுக்கு அப்படித்தான் பேசினோம், சிசேரியன் பண்ணி 3.4 கிலோவா பொறந்தா, ரெண்டு கையையும் வீசிகிட்டு.

பையனுக்கு எலும்பு வளர்றது நிக்கிற வரைக்கும் வருஷம் ஒரு தடவ காட்டணும்னு சொல்லியிருக்காங்க. நோட்டு இப்ப மூணாவது ஓடுது. அவன் வளந்துட்டதால விரக்கடைய விட்டுட்டு பள்ளிக்கூட பாக்ஸ்ல இருக்குற பாகைமானிய எடுத்துட்டு வந்து அவனே பாயில படுத்துக்கிறான், நான் வச்சு படிக்கிறேன், போன ஞாயித்துக்கெழமை 65.